பைக் ஏற்றும் வேனில் ஏறி இறங்கும் கட்டில்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

கோயம்புத்தூரிலிருந்து, சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு இரண்டு பைக்குகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவோம். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மாலை வரை தூக்கம், சாப்பாடு எல்லாம் வண்டிக்குள்தான். அதற்காகவே உயரம் மாற்றக்கூடிய கட்டில் ஒன்றைச் செய்தோம். ஓடும்போது கட்டில் கூரையை ஒட்டி நிற்கும், அடியில் பைக்குகள் நிற்கும். போய்ச் சேர்ந்ததும் பைக்குகளை இறக்கிவிட்டு, கட்டிலை முட்டி உயரத்துக்குக் கொண்டுவந்து படுப்போம். மழை வந்துவிட்டால் பைக் உள்ளேயே இருக்கும். கட்டில் அவற்றின் தலைக்கு மேல், நடு உயரத்தில் நிற்கும்.

எங்கள் அமைப்பு எளிமையானது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கூரையடியில் குறுக்காக ஒரே ஒரு ஷாஃப்ட். அதைச் சுழற்ற வார்ம் கியர் (மரைத் தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் கியர்) வைத்த 12 வோல்ட் மோட்டார். ஷாஃப்டில் பட்டை சுற்றுவதற்கு நான்கு டிரம். இரண்டு டிரம்மிலிருந்து சீட் பெல்ட் பட்டை நேராகக் கட்டிலின் முன் மூலைகளுக்கு இறங்குகிறது; மற்ற இரண்டும் கூரையை ஒட்டிப் பின்னால் ஓடி, உருளையில் திரும்பிப் பின் மூலைகளுக்கு இறங்குகின்றன. பக்கச் சுவர்களில் செங்குத்தாக நான்கு இரும்புச் சேனல்கள், கட்டில் ஏறி இறங்கும் தடங்கள் இவைதான். அவற்றில் துளைகள், துளைகளில் கழற்றி மாட்டும் பின்கள் (pin, இரும்பு முளைகள்).

பெல்ட் தூக்குகிறது, சேனல் வழிகாட்டுகிறது, பின் தாங்குகிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினால் அங்கேதான் கோளாறு பிறக்கும். ஆகவே எது பழுதானாலும் முதலில் நான் கேட்பது இதைத்தான்: இப்போது இந்தப் பாகம் யாருடைய வேலையைச் செய்கிறது?

தொடங்கும் முன் ஒன்று. கட்டிலுக்கு அடியில் தலையை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு பின்களும் மாட்டியிருக்க வேண்டும். பின்னைக் கழற்றித்தான் சோதிக்க வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக்கொடுங்கள். மோட்டாரை நம்பி அடியில் போகாதீர்கள்.

ஒரு மூலை பின்தங்குகிறது, நடுவழியில் கட்டில் இறுகி நிற்கிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். எல்லோரும் செய்வதும் ஒன்றுதான்: சேனலில் கிரீஸ் தடவுவார்கள். இரண்டு நாள் சரியாக ஓடும், பிறகு மறுபடி இறுகும்.

மெத்தையை எடுத்துவிடுங்கள். கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கி, அங்கிருந்து 200 மி.மீ. ஏற்றி நிறுத்துங்கள். தரையிலிருந்து நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து, சுவரில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் எழுதுங்கள். இன்னொரு 200 ஏற்றி மறுபடி அளங்கள். மேலே போகும் வரை இப்படியே. பதினைந்து நிமிட வேலை. ஆனால் அந்த நான்கு வரிசை எண்கள் காரணத்தைக் கையில் கொடுத்துவிடும்.

வித்தியாசம் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் இருந்தால் அந்த மூலையின் பட்டை நீளம் சரியில்லை. முனையில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி இழுத்துக் கட்டினால் முடிந்தது. ஏற ஏற வித்தியாசம் சீராக வளர்ந்தால் டிரம்மைப் பாருங்கள். குறிப்பிட்ட உயரம் வரை சரியாக வந்து, அங்கிருந்து மட்டும் கோணினால் சேனலைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண்கள் வெவ்வேறாக வந்தால், பட்டை டிரம்மில் நேராகச் சுற்றாமல் ஓரத்தில் ஏறி மடிகிறது.

டிரம்மில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத பிழை இது. 40 மி.மீ. டிரம்மில் 2 மி.மீ. தடிமனுள்ள பட்டை ஒரு சுற்று சுற்றினால் டிரம்மின் விட்டம் 44 ஆகிவிடும். அடுத்த சுற்றில் 48. பட்டையின் நடுக்கோட்டை வைத்துக் கணக்கிட்டால் முதல் சுற்று சுமார் 132 மி.மீ. தூக்கும், இரண்டாவது 144, மூன்றாவது 157. சுற்றுக்குச் சுற்று 12.5 மி.மீ. கூடிக்கொண்டே போகிறது. நான்கு டிரம்மும் ஒரே மாதிரி கூடினால் பாதகமில்லை. ஆனால் பின் மூலைகளுக்குப் போகும் பட்டை நீளமானது. மிச்சம் இருந்த நீளத்தை வெட்டாமல் டிரம்மிலேயே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி விட்டிருந்தோம். அந்த ஒரு சுற்றால் பின் மூலைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் 12.5 மி.மீ. முந்திக்கொண்டன. ஐந்து திருப்பத்தில் 60 மி.மீ.க்கு மேல். சேனல் இறுகாமல் என்ன செய்யும்?

தீர்வு: கட்டில் அடிமட்டத்தில் இருக்கும்போது நான்கு டிரம்மிலும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பட்டையின் பிடி நழுவாமலிருக்க இரண்டு சுற்று நிரந்தரமாகச் சுற்றியே இருக்கட்டும். மிச்ச நீளத்தை முனையில் வெட்டுங்கள். நான்கு பட்டையும் ஒரே சுருளிலிருந்து வந்ததாக இருக்கட்டும். மூன்று புதியது, ஒன்று பழையது என்றால் தடிமனிலேயே வித்தியாசம் வந்துவிடும். டிரம்மின் இரண்டு ஓரத்திலும் தட்டு வைத்து, நடு இடைவெளி பட்டை அகலத்தைவிட 2 மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கும்படி லேத்தில் கடைந்து வாங்கினால் ஓரத்தில் ஏறி மடியும் தொல்லையும் போய்விடும்.

சேனல்தான் காரணம் என்றால், பெரும்பாலும் அது சுவரை நம்பிப் பொருத்தப்பட்டதாக இருக்கும். வேனின் பக்கச் சுவர் செங்குத்தானதல்ல. மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது. எங்கள் வேனில் கட்டிலின் கீழ்மட்டத்தில் 1720 மி.மீ. இருந்த அகலம் கூரையருகில் 1640 ஆகிவிட்டது. சேனலைச் சுவரோடு ஒட்டி அடித்தால், மேலே வரும்போது கட்டில் ஆப்பு வைத்ததுபோல் சிக்கும். நான் சுவரில் குறி போட்டுக்கொண்டிருந்தபோது பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, செவுத்தப் பாக்காதீங்க. தூக்குக்குண்டப் பாருங்க” என்றார். “அப்ப கீழ இவ்ளோ எடம் வீணாப் போகுதுங்களேண்ணா?” என்றேன். “போகட்டும் விடுங்க. மேல இருக்குற அகலந்தான் உங்க அகலம்” என்றார். அப்படியே செய்தோம். வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, மேலிருந்து குண்டு தொங்கவிட்டு, கீழே சேனலுக்கும் தூணுக்கும் நடுவில் இரும்புப் பேக்கிங் கொடுத்தோம். தகரத்தில் அல்ல, உள்ளே இருக்கும் தூணில் போல்ட் போடுங்கள். தகரம் சாமான் மாட்டத்தான் ஆகும்.

இன்னொரு விஷயம் மனதில் இருக்கட்டும். இரண்டு பக்கச் சேனலையும் இறுக்கமாக வைக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் கச்சிதமாக இருக்கட்டும். மறுபக்கத்தில் அகலவாக்கில் 5 அல்லது 6 மி.மீ. விடுங்கள். இரண்டு பக்கமும் பிடித்தால், ஒரு கைப்பிடியை மட்டும் இழுத்த மேசை இழுப்பறை போல, சிறு கோணலிலேயே கடித்துக்கொள்ளும். கட்டிலைச் சமமாக வைப்பது ஷாஃப்ட்டின் வேலை. சேனலிடம் அதைக் கேட்கக் கூடாது.

வெறும் வண்டியில் நன்றாக ஓடுகிறது, பைக் ஏற்றிக் கட்டியதும் இறுகுகிறது

பைக்கைக் கட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைக் கட்டில் சேனலின் காலில் மாட்டியிருக்கிறீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் உறுதியான இரும்பு இருந்தால் கை தானாக அங்கேதான் போகும். ராட்செட்டை இறுக்கும் விசை சேனலை உள்பக்கம் வளைக்கிறது. இரண்டு பக்கமும் 3 மி.மீ. வளைந்தாலே போதும், விட்ட இடைவெளி போய்க் கட்டில் கடிக்கும்.

பைக்கின் பெல்ட்டுக்குத் தரையில் தனி வளையங்கள் வேண்டும். தரைத் தகரத்தில் அல்ல, அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் வரை போல்ட் இறங்கி, கீழே 5 மி.மீ. தட்டை இரும்பு வைத்து முடுக்கியதாக இருக்க வேண்டும். ஒரு பைக்குக்கு நான்கு. முன்பக்கம் இரண்டும் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்களை) பாதி வரை அமுக்கிப் பிடிக்க, பின்பக்கம் இரண்டும் வால் பக்கவாட்டில் தாவாமலிருக்க. சடன் பிரேக் அடித்தால் 160 கிலோ பைக் முழுதும் அந்த வளையத்தில்தான் தொங்கும். அந்த விசை கட்டிலின் சட்டகத்துக்குப் போகவே கூடாது.

வீட்டில் பொருந்திய பின்கள், போன இடத்தில் துளைக்குள் நுழையவில்லை

மேடுபள்ளத்தில் நிறுத்தினால் வேனின் உடம்பே முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் கல்லில் ஏறி நின்றாலே நான்கு துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. இது பழுதல்ல, அமைப்பில் அதற்கு இடம் விட வேண்டும். 12 மி.மீ. பின்னுக்குச் சேனலில் 13 மி.மீ. துளை, பின்னின் முனையைக் கூம்பாகக் கடைந்துகொள்வது, அவ்வளவு போதும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அடித்து ஏற்றிய பின்னைக் காலையில் கழற்ற முடியாது.

பூட்டாமல் விட்டால் கட்டில் மெல்ல இறங்குகிறது

செட்டிபாளையம் காரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போய்வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. அது பக்கம்தான். சென்னைப் பயணத்தில் சேலம் தாண்டி டீ குடிக்க நிறுத்திப் பின்கதவைத் திறந்தால், கூரையில் இருந்த கட்டில் நான்கு விரற்கடை இறங்கி நின்றது. அன்று மேல்மட்டத்தில் பின் மாட்டவில்லை. “வார்ம் கியர் திரும்பாது” என்ற நம்பிக்கை.

வார்ம் கியர் பின்னோக்கிச் சுழலாது என்பது நின்ற வண்டிக்குச் சரி. மரையின் சாய்வு ஐந்தாறு டிகிரிக்குள் இருந்தால் பல்லின் உராய்வே பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓடும் வண்டியில் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த உராய்வு ஒரு நொடி விடுபடுகிறது. விடுபடும்போதெல்லாம் கொஞ்சம் வழுக்குகிறது. கையால் சுற்றும் வின்ச் வைத்திருப்பவர்களுக்கும், வயர் ரோப் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். எதுவாக இருந்தாலும் தூக்கும் பொருள் தாங்கும் பொருள் ஆகாது.

நான்கு மூலையிலும் பின் போட்டு, பிறகு கட்டிலை ஒரு சிறிது இறக்கி எடையைப் பின்னில் உட்கார வையுங்கள். பட்டையை விரலால் தட்டிப் பார்த்தால் தொய்வு தெரிய வேண்டும். தொய்வில்லை என்றால் எடை இன்னும் பட்டையில்தான் இருக்கிறது. நான்கையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். ஒரு மூலையில் விறைப்பாக இருந்தால் அந்தப் பின் உட்காரவில்லை, அதன் எடையை அந்த ஒரு பட்டை சுமக்கிறது.

12 மி.மீ. இரும்புக் கம்பி அறுந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். வெட்டு விசையில் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். பலவீனம் துளையில் இருக்கிறது. 1.6 மி.மீ. சுவருள்ள ஸ்கொயர் பைப்பில் போட்ட துளை கொஞ்ச நாளில் முட்டை வடிவமாகிவிடும். துளை இருக்கும் இடத்தில் 5 மி.மீ. தட்டை இரும்பை வெல்டு வைத்து, இரண்டும் சேர ஒரே துளையாகப் போடுங்கள். பின் தானாக வெளியே வராதபடி முனையில் கிளிப் வேண்டும்.

ஓடும் வண்டியில் யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது. இதைப் பலர் கேட்கிறார்கள், பதில் மாறாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்து வண்டி மாறுகிறது என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். துளை போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கீழே இறங்கும் பட்டனை அழுத்தினால் கட்டில் மேலே ஏறுகிறது

வயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று சுவிட்சைக் கழற்றாதீர்கள். கட்டில் பின்னில் உட்கார்ந்த பிறகும் பட்டனை விடாமல் அழுத்தியிருக்கிறீர்கள். பட்டை முழுதும் அவிழ்ந்து, டிரம் தொடர்ந்து சுழன்று, பட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. மேலேற்றும் பட்டனை அழுத்திப் பட்டையை அவிழ்த்து, கையால் இழுத்துப் பிடித்தபடி சரியான பக்கத்திலிருந்து சுற்றுங்கள். கீழ்மட்டத்தில், கட்டில் வந்து பட்டதும் மோட்டாரை நிறுத்தும் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்தால் இது வராது. நடுமட்டத்தில் நிறுத்தும்போது மட்டும் கண் பட்டையில் இருக்கட்டும்.

மோட்டார் முனகுகிறது, ஃபியூஸ் போகிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். மல்டிமீட்டரை மோட்டாரின் முனையில் வைத்து, கட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். ஓடாதபோது பார்த்துப் பயனில்லை. எங்கள் மோட்டார் எடையோடு 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 6 மீட்டர். போக வர 12 மீட்டர். முதலில் போட்டிருந்த 2.5 சதுர மி.மீ. வயரில் வழியிலேயே 1.8 வோல்ட் போய்விட்டது. 6 சதுர மி.மீ. வயருக்கு மாற்றியதும் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் வந்தது. வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாகும், சூடாகும், கடைசியில் நின்றுபோய் இன்னும் அதிகமாக இழுக்கும். நெகட்டிவ் வயரைப் பக்கத்துத் தகரத்தில் முறுக்கிவிடுவதும் இதே கோளாறைத் தரும்; பெயிண்ட் சுரண்டாத இடத்தில் எர்த் எடுக்காது.

வோல்ட் சரியாக இருந்தும் முனகினால் மின்சாரத்தை விட்டுவிட்டு மேலே முதலில் சொன்ன மூலை அளவுகளுக்குத் திரும்புங்கள்.

கட்டில் முழுதும் ஏறியும் கைப்பிடி இடிக்கிறது

பைக்கை எந்த நிலையில் அளந்தீர்கள்? கட்டிப் போட்ட பைக்கின் ஃபோர்க் அமுங்கி இருக்கும். உள்ளே தள்ளும்போது அது முழுதும் நீண்டிருக்கும், சறுக்குப் பலகை முடியும் இடத்தில் ஒரு துள்ளலும் துள்ளும். எங்கள் பைக்கான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 தரையிலிருந்து ஏறக்குறைய 1260 மி.மீ. துள்ளலுக்கு 60, கைவிரலுக்கு 40 சேர்த்தால் 1360. ஏற்றும்போது கட்டிலின் அடிப்பக்கம் இதற்குமேல் இருக்க வேண்டும். பின்கதவின் மேல்சட்டம் கூரையைவிடத் தாழ்வானது, அதையும் அளக்க மறக்காதீர்கள்.

உயரம் மாற்ற முடிவதன் பயன் இங்கேதான் தெரியும். எங்கள் வேனின் உள் உயரம் 1900. சட்டகம் 50, பிளைவுட் 12, மெத்தை 100, மொத்தம் 162. 1360 உயரத்திலேயே கட்டிலை நிறுத்திப் படுத்தால் கூரைக்கு 380 மி.மீ. தான் மிச்சம். திரும்பிப் படுக்க முடியாது, தோள் இடிக்கும். ஆனால் பைக்கைக் கட்டி ஃபோர்க்கை 60 அமுக்கிவிட்டால் அதன் உயரம் 1200. மேலே 30 இடைவெளி விட்டுக் கட்டிலை 1230க்கு இறக்கினால் கூரைக்கு 508 மி.மீ. கிடைக்கும். ஒருக்களித்துப் படுக்க அது போதும். அந்த மட்டத்துக்கென்று தனியாக ஒரு வரிசைத் துளை போட்டு வையுங்கள். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பைக் என்றால் ஒன்றை அரை அடி பின்தள்ளி நிறுத்துங்கள், கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாது.

சத்தம்

மேலே நிற்கும்போது கடகடவென்றால் கூரையில் நான்கு ரப்பர் கட்டை வைத்து, அதில் அழுந்தும்படி நிறுத்துங்கள். சேனலுக்குள் ஓடும் இரும்புக்கு நைலான் பட்டி போதும். விர்ரென்ற சத்தம் என்றால் பட்டை காற்றில் அதிர்கிறது. தொய்வாக இருக்கும் பகுதியை அரைச் சுற்று முறுக்கிக் கட்டினால் நின்றுவிடும். ஏற்றும் முன் முறுக்கை எடுத்துவிட வேண்டும்.

நடுவில் தொய்கிறது

பிளைவுட்டைத் தடிமனாக்காதீர்கள், எடைதான் கூடும். குறுக்குப் பைப்பை நிமிர்த்தி வையுங்கள். 50க்கு 25 பைப்பை படுக்க வைத்து வெல்டு செய்துவிட்டு வளைகிறது என்கிறார்கள். உயரம் இரண்டு மடங்கானால், அதே தடிமனுள்ள தட்டை இரும்பு எட்டு மடங்கு விறைப்பாகும். பைப்பில் அவ்வளவு வராது என்றாலும் வித்தியாசம் படுத்ததுமே தெரியும்.

இரவில் பெட்ரோல் வாசனை

இதை மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். மற்றவை கட்டிலைக் கெடுக்கும், இது உயிரை எடுக்கும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையில் தேங்கி நிற்கும், மேலே படுத்திருப்பவருக்கு வாசனை தெரியும் முன்பே கீழே நிறைய சேர்ந்திருக்கும். கார்புரேட்டர் பைக் என்றால் பெட்ரோல் டேப்பை மூடினீர்களா என்று பாருங்கள். சாய்த்துக் கட்டியதில் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் வழிந்திருக்கலாம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக் என்றால் டேங்க் மூச்சுக்குழாயைப் பாருங்கள். காலையில் நிரப்பிய டேங்க் நடுப்பகல் சூட்டில் விரிந்து அதன் வழியே சொட்டும். அதனால் பயணத்துக்கு முன் பாதி டேங்குக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

காற்றுத்துளை கூரையில் மட்டும் இருந்தால் இதற்கு உதவாது. தரை மட்டத்தில், பின்கதவின் அடியில் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். தீப்பொறி விடும் கார்பன் பிரஷ் மோட்டாரைக் கூரையடியில் வைத்ததற்கும் இதுவே காரணம். பேட்டரி, சுவிட்ச், இன்வெர்ட்டர் எதையும் பைக் நிற்கும் தரையில் வைக்காதீர்கள். பைக் உள்ளே இருக்கும்போது அடுப்பு எரியக் கூடாது. ஓடி முடித்த பைக்கின் சைலன்சர் கை வைக்கும் அளவுக்கு ஆறும் வரை கட்டிலை இறக்கக் கூடாது. ரெக்சின் உருகிய தழும்பு எங்கள் கட்டிலின் அடியில் இன்னும் இருக்கிறது.

நள்ளிரவில் வாசனை வந்தால் லைட் சுவிட்சையும் தொடாதீர்கள், கட்டிலை இறக்கும் பட்டனையும் தொடாதீர்கள். தலைமாட்டில் இருக்கும் கதவைக் கையால் திறந்து வெளியே வாருங்கள், கூட இருப்பவரை எழுப்பிக் கூட்டி வாருங்கள். எல்லாக் கதவையும் விரியத் திறந்து வையுங்கள். வாசனை போன பிறகே பைக்கை வெளியே தள்ளி, எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். இதற்காகவே கட்டிலின் தலைமாடு பக்கக் கதவை ஒட்டி இருக்க வேண்டும், அந்தக் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும். வரைபடத்தில் முதல் கோடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.